பத்தொன்பதாம் நாள் முட்டைகளும் ஒரு 150 ஏஎச் பேட்டரியும்

1. பதினொன்று நாற்பதுக்கு வந்த போன்

"அக்கா, மிஷின் நின்னுபோச்சு."

எங்கள் கடைக்கு ஒரு நாளைக்கு இருபது போன் வரும். பாதிப் பேர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். யார் பேசுவது, எந்த மிஷின் என்று கேட்டேன்.

"பூலாம்பாடி செல்வராணிக்கா. முட்ட மிஷினு. நீங்கதான் அஞ்சு மணி நேரம் வரும்னு சொல்லி பேட்டரி குடுத்தீங்க. இன்னிக்கு ஷட்டவுனு. ஒம்போதேகாலுக்கு கரண்ட்ட எடுத்தாங்க. பதினொன்றரைக்கு பீப் பீப்னு கத்துச்சு. இப்ப ஒரேயடியா ஆஃப் ஆயிருச்சு."

"உள்ள எத்தன முட்ட இருக்கு?"

"ஐநூத்தி நாப்பது. இன்னிக்கு பத்தொன்பதாம் நாளுக்கா."

கோழி முட்டை இருபத்தோராம் நாள் பொரியும். அப்படியென்றால் உள்ளே இருப்பது முட்டை இல்லை, குஞ்சு. அதிலும் முக்கால்வாசி அவருடையது இல்லை. செல்வராணி கூலிக்குப் பொரித்துக் கொடுப்பவர். சுற்றுவட்டாரத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் முட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எது யாருடையது என்று தெரிவதற்காக, ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தை எழுதித்தான் அடை வைப்பார். தொழில் தொடங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. இந்த ஈடு கெட்டால் அடுத்த முட்டையை யாரும் அவரிடம் கொடுக்கப் போவதில்லை.

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை யாரைக் குற்றம் சொல்வது என்று நீங்கள் தேட வேண்டாம்.

2. பேட்டரியைத் தூக்கிப் பார்ப்பவர்கள்

நான் தனலட்சுமி. பெரம்பலூரில் ஒரு பேட்டரி விற்பனை, சர்வீஸ் கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். டிப்ளமோ படித்துவிட்டு வாரண்டி கார்டு எழுதத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் சர்வீஸ் பார்க்கிறவர் வராமல் போக, நான் ஹைட்ரோமீட்டரை எடுத்து ஆசிட் கிராவிட்டி, அதாவது அதன் அடர்த்தி, பார்த்தேன். அன்றிலிருந்து மேசைக்குத் திரும்பவில்லை. "பொம்பள பாத்தா சரியா இருக்குமா?" என்று கேட்டவர்களும் உண்டு. மீட்டருக்கு அது தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

இந்த இருபத்தாறில் முதல் எட்டு வருஷம் இதே கடையின் அரியலூர் கிளையில் இருந்தேன். அங்கே முழுக்க லாரி பேட்டரி. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிக்காரர்கள் மணிக் கணக்கெல்லாம் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்க வேண்டும். நாலைந்து நொடி முழு பலத்தையும் கொடுத்தால் போதும், அதற்குப் பிறகு இன்ஜினே பேட்டரியை சார்ஜ் செய்துகொள்ளும். லாரி பேட்டரி ஒரே மூச்சில் ஓடுகிற ஆள். இன்வெர்ட்டர் பேட்டரி நாள் முழுக்க நடக்கிற ஆள். உள்ளே இருக்கும் பிளேட்டே வேறு. இதைக்கூடச் சொல்லிப் புரிய வைக்க எனக்குத் தொண்டை வறண்டு போகும்.

பெரம்பலூர் கடைக்கு வந்ததும் வேறு ஒரு கூட்டம். பேட்டரியைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள். அந்த ஷட்டவுனுக்கு மூன்று வாரம் முன்னால் செல்வராணியோடு பேட்டரி வாங்க வந்த அவருடைய கொழுந்தன் முருகேசன் அந்த வகை. வரிசையாக நாலு பேட்டரியைத் தூக்கி இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இதான் நல்ல வெயிட்டு. இதையே ரெண்டா போட்டுருவோம்" என்றார்.

எனக்கு எரிச்சல். "வெயிட்டப் பாத்து வாங்க இது பூசணிக்காயாங்க? லோடு எவ்வளவு சொல்லுங்க" என்றேன்.

இன்குபேட்டரின் லோடு 350 வாட் என்று செல்வராணி சொன்னார். ஹீட்டர், இரண்டு ஃபேன், ஒரு கன்ட்ரோலர், எல்லாம் ஒரே பிளக்கில். அவர்கள் ஊரில் மாதாந்திர ஷட்டவுன் என்றால் ஒன்பது மணிக்கு எடுத்து இரண்டு மணிக்கெல்லாம் கொடுத்துவிடுவார்களாம். ஐந்து மணி நேரம் தாங்கினால் போதும்.

கால்குலேட்டரைத் தட்டினேன். 12 வோல்ட், 150 ஏஎச். பெருக்கினால் 1800. அதை 350-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம், அதற்கு மேலும் கொஞ்சம். "ஒன்னே போதும். ரெண்டாவதுக்கு எதுக்குங்க பதினஞ்சாயிரம் அழுவுறீங்க?" என்றேன்.

செல்வராணி என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. காசு மிச்சம் பண்ணிக் கொடுக்கிற கடைக்காரியை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அன்று முழுக்க அந்தப் பெருமையோடுதான் இருந்தேன்.

150 ஏஎச் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எல்லா ஸ்டிக்கரிலும், அதன் பக்கத்தில் சின்னதாக C20 என்றும் இருக்கும். இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கினால்தான் 150 ஆம்பியர் ஹவர் கிடைக்கும் என்று அர்த்தம். அதாவது ஏழரை ஆம்பியர் வேகத்தில். 350 வாட் லோடு, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து முப்பத்தாறு ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு வேகத்தில் இழுத்தால் அதே பேட்டரி நூறு ஆம்பியர் ஹவர்கூடக் கொடுக்காமல் படுத்துவிடும். எனக்கு இது தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்கு வீடு மூன்று ஃபேன், நாலு லைட் என்று சின்ன லோடுக்கே விற்றுப் பழகி, அந்தச் சின்ன எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தேன். முருகேசன் பேட்டரியைக் கையால் தூக்கிப் பார்த்தார். நான் கால்குலேட்டரால் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

3. மூச்சு வாங்கிய பேட்டரி

"சுவிட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணுங்க. மறுபடி மறுபடி போட்டுப் பாக்காதீங்க. நான் கெளம்பிட்டேன்" என்று போனை வைத்தேன்.

முதலாளி கதிரேசன் சார் நல்ல மனிதர், ஆனால் கல்லாவில் இருந்தபடியே யோசிப்பவர். "220 ஏஎச் ஒன்னு குடுத்து வுட்ரு, தனம். காசு அப்பறம் வாங்கிக்கலாம்."

"வண்டி அரியலூருக்குப் போயிருக்கு சார். மூணு மணிக்கு முன்னாடி வராது."

"ஜெனரேட்டரு?"

"முகூர்த்தம் சார் இன்னிக்கு. எல்லாம் மண்டபத்துக்குப் போயிருச்சு. மூணு பேருக்குப் போன் போட்டுட்டேன்."

"அப்ப நீ போயி என்ன பண்ணப் போற?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் போகாமல் இருக்க முடியாது. மீட்டர், ஓடுகிற ஆம்பியரை அளக்கும் டங் டெஸ்டர், ஸ்பேனர், கொஞ்சம் வயர், இன்சுலேஷன் டேப், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். கார்த்திகை மாதம். வேப்பந்தட்டை தாண்டும்போது தூறல் பிடித்துக்கொண்டது. ரெயின்கோட் எடுத்து வரவில்லை. நிற்கவும் இல்லை.

பூலாம்பாடி சேரும்போது பன்னிரண்டு ஐம்பது. வீட்டை ஒட்டிய ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் பீரோ உயரத்துக்கு மிஷின் நின்றிருந்தது. சத்தமே இல்லை. முருகேசன் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"ரெண்டா வாங்கிருக்கணும். நான் அன்னிக்கே சொன்னேன். இந்தம்மா பேச்சக் கேட்டுத்தானே ஒன்னோட நின்னோம்."

"ஆமாங்க. நான் சொன்னது தப்பு. அத அப்பறமா திட்டுங்க, கேட்டுக்குறேன். இப்ப டார்ச்சப் புடிங்க" என்றேன். மனிதர் டார்ச்சைப் பிடித்தார்.

மிஷின் கண்ணாடி வழியே தெரிந்த தெர்மாமீட்டரில் முப்பத்து நாலு. முப்பத்தேழரை இருக்க வேண்டிய இடம். நான் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். ஆஃப் ஆனபோது பத்தரை வோல்ட்டுக்கு விழுந்திருக்கும். இப்போது 11.9 காட்டியது. ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாததில் எழுந்து உட்கார்ந்திருந்தது.

இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. பேட்டரி காலியாகவில்லை. முப்பத்தாறு ஆம்பியர் கேட்டால்தான் அதனால் முடியவில்லை. எட்டு ஆம்பியர் கேட்டால் இன்னும் நாற்பது, ஐம்பது ஆம்பியர் ஹவர் கொடுக்கும். ஆனால் எட்டு ஆம்பியரில் என்னத்தை ஓட்டுவது?

"செல்வராணி, ஒன்னு கேக்குறேன். இந்த மிஷின்ல எது நின்னா குஞ்சு தாங்கும், எது நின்னா தாங்காது?"

அவர் யோசிக்கவே இல்லை. "சூடு கொஞ்சம் கொறஞ்சாத் தாங்கும்க்கா. கோழியே எந்திரிச்சு எர தின்னப் போவும்ல. காத்து இல்லன்னாத்தான் தாங்காது. பத்தொன்பதாம் நாளு உள்ளுக்குள்ள மூச்சு வுட ஆரம்பிச்சுரும்."

இந்த ஒரு கேள்வியை நான் விற்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ஹீட்டர்தான் இருநூற்றைம்பது வாட்டுக்கு மேல் தின்கிறது. ஃபேன் இரண்டும் கன்ட்ரோலரும் சேர்ந்து எண்பதுதான். லோடு எவ்வளவு என்று கேட்டேனே தவிர, எது நிற்கக் கூடாது என்று கேட்கவில்லை.

"சூட்டுக்கு வேற வழி இருக்கா?"

"வெந்நி வெச்சு உள்ள வெக்கலாம். அடித்தட்டுல எடம் இருக்கு."

அவர் அடுப்பைப் பார்க்க ஓடினார். நான் மிஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்பக்க மூடியைக் கழற்றினேன். ஹீட்டருக்குப் போகும் இரண்டு வயரையும் அவிழ்த்து, நுனிகளில் டேப் சுற்றி ஒதுக்கினேன். மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகி, இன்வெர்ட்டரை ஆன் செய்தேன். இரண்டு ஃபேனும் சுற்ற ஆரம்பித்தன. டங் டெஸ்டரை பேட்டரி கேபிளில் மாட்டினால் ஒன்பது ஆம்பியர்.

மூடி போட்ட இரண்டு சில்வர் தூக்கில் வெந்நீரை ஊற்றி அடித்தட்டில் வைத்தோம். காற்று ஓட்டைகளை மட்டும் விட்டுவிட்டு மிஷினைச் சுற்றிச் சாக்கும் போர்வையும் கட்டினோம். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கை மாற்ற வேண்டியிருந்தது. கதவை எவ்வளவு சீக்கிரம் மூடுகிறோம் என்பதில் செல்வராணி படு கண்டிப்பு. "அக்கா, கைய எடுங்க" என்று என்னையே இரண்டு தடவை அதட்டினார். சூடு முப்பத்தாறுக்கு ஏறி, அங்கேயே நின்றது.

இரண்டு மணி ஆனது. கரண்ட் வரவில்லை. இரண்டேகாலுக்கு முருகேசன் லைன்மேனுக்குப் போன் செய்தார். மழையில் ஒரு கம்பம் சாய்ந்திருக்கிறதாம், ஐந்து மணி ஆகும் என்றார்கள்.

செல்வராணி தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. முட்டை கொடுத்தவர்களின் பெயர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்ப்பதற்கு அழுதிருந்தாலே எனக்குத் தேவலை.

மீட்டர் 11.7 காட்டியது. மூன்று மணிக்கு 11.5. வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. "ஒரு ஃபேன் போதுமா?" என்றேன். அவர் எழுந்து வந்து மிஷினின் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார். "போதும். ஆனா தட்ட மேலயும் கீழயும் ஒருக்கா மாத்தணும்" என்றார். ஒரு ஃபேனை நிறுத்தினேன். ஒன்பது ஆம்பியர் ஐந்தரையானது. இவ்வளவு ஆழமாக ஒரு பேட்டரியை இறக்கக் கூடாது, ஆயுள் குறையும், வருகிற எல்லோருக்கும் நான் சொல்கிற அறிவுரை அது. அன்று அதைக் குப்பையில் போட்டேன். ஒரு பேட்டரியின் ஆறு மாத ஆயுளா, ஐநூற்று நாற்பது குஞ்சா என்றால் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

நாலு மணிக்கு 11.3. நாலரைக்கு 11.1. அதற்குப் பிறகு மீட்டரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வெந்நீர் தூக்கினேன். ஐந்து பத்துக்கு, வீட்டுக்குள் டிவி தானாகப் பேச ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது என்பது அதில்தான் தெரிந்தது.

4. எழுத்துகள்

இருபத்திரண்டாம் நாள் காலை செல்வராணி போன் செய்தார். ஐநூற்று நாற்பதில் நானூற்றுப் பதினேழு பொரித்திருந்தன. வழக்கமாக நானூற்று எழுபதுக்குக் குறையாதாம். ஐம்பதுக்கு மேல் போயிருக்கிறது. பொரிக்காத முட்டைகளில் யார் எழுத்து இருக்கிறது என்று பார்த்துப் பிரித்து, அவரவர் வீட்டுக்குத் தானே போய் நடந்ததைச் சொல்லி, தன் சொந்த முட்டையில் பொரித்த குஞ்சுகளைக் கொடுத்து ஈடு கட்டியிருக்கிறார்.

"அந்த நஷ்டத்த நான் குடுத்துர்றேன்" என்றேன். கடை கொடுக்காவிட்டால் என் சம்பளத்திலிருந்து கொடுப்பதாக முடிவு செய்திருந்தேன்.

"காசு குடுத்தா உங்களுக்கு மனசு ஆறிரும்க்கா. எனக்கு அடுத்த ஷட்டவுனுக்கும் இதே பயந்தானே இருக்கும்? அன்னிக்கு வந்து எங்கூட ஒக்காருங்க. அது போதும்."

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இப்படி யாரும் வேலை வாங்கியதில்லை.

லீவு கேட்டபோது கதிரேசன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "பேட்டரி வித்த வூட்லயெல்லாம் போயி ஒக்காந்தா கடைய யாரும்மா பாக்குறது?"

"நேரம் சொல்லி வித்த வூட்ல மட்டும் ஒக்காருறேன் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சரி என்று அர்த்தம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கே வந்துவிடுகிறது. ஸ்டிக்கரில் இருக்கும் பெரிய எண்ணைப் படிக்க யாரும் வேண்டியதில்லை, வாடிக்கையாளரே படித்துக்கொள்வார். நீங்கள் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஒரு பேட்டரி மலிவா விலை அதிகமா என்பது பில்லில் இருக்கும் தொகையில் தெரியாது. வேண்டிய அன்றைக்கு, வேண்டிய வேகத்தில், எத்தனை மணி நேரம் கொடுக்கிறது, அப்படி எத்தனை வருஷம் கொடுக்கிறது என்பதில்தான் தெரியும். இரண்டாவது பேட்டரியை விற்பதும் சில சமயம் சரி, இருப்பதையே போதும் என்று ஆக்குவதும் சில சமயம் சரி. எது சரி என்று தெரிய வேண்டுமானால், லோடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எது நிற்கக் கூடாது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்கு வருகிறார். நாம் கேட்காததால் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்.

அடுத்த மாத ஷட்டவுனுக்கு முந்தைய வாரமே போய், ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்து நேராக மெயினில் கொடுத்தேன். ஃபேனும் கன்ட்ரோலரும் மட்டும் இன்வெர்ட்டரில். அன்று காலை எட்டரைக்கே மீட்டரோடு போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. செல்வராணி வெந்நீர் வைத்தார். நான் அரை மணிக்கு ஒரு தடவை வோல்ட்டேஜைக் குறித்தேன்.

இந்தத் தடவை இரண்டு மணிக்கே கரண்ட் வந்துவிட்டது. செல்வராணி நிம்மதியாக எழுந்து, "சாப்புடலாம் வாங்கக்கா" என்றார். முருகேசன் மோட்டார் போடப் போனார். நான் எழுந்து இன்வெர்ட்டருக்குப் போகும் மெயின் சுவிட்சை ஆஃப் செய்தேன்.

"ஏங்கக்கா?"

"ஹீட்டரு கரண்ட்ல ஓடட்டும். ஃபேனு பேட்டரியிலயே இருக்கட்டும். அன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும்தானே ஒக்கார வெச்சாங்க? அஞ்சு மணி வரைக்கும் பாத்துருவோம்."

சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்தார்கள். ஐந்து மணிக்கு மீட்டரில் 12.1 இருந்தது. பாதி பேட்டரி இன்னும் மிச்சம். மெயினைப் போட்டுவிட்டு மீட்டரைப் பையில் வைத்தேன். செல்வராணி வாசல் வரை வந்தார்.

"இப்ப சொல்லுங்கக்கா, எவ்வளவு நேரம் வரும்?"

"எட்டு மணி நேரம்" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் கண்ணால் பார்த்துச் சொன்ன முதல் நேரம் அதுதான்.